வால் பக்கக் கம்பி

மலையில் லைன் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்குதுங்களா?" என்பதுதான். அடித்திருக்கிறது. அடிக்காத லைன்மேன் யார்? அதில் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் வேலைக்காலத்தில் நான் நிஜமாகவே நடுங்கியது ஷாக் அடித்தபோது அல்ல. மலை முழுக்கக் கரண்ட் இல்லாத ஒரு நாளில், பூட்டிய வீட்டுக்குள் பல்பு எரிந்ததைப் பார்த்தபோதுதான்.

லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தில் பழக்கமில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

காற்றுக்கு முந்தின நாள்

புயல் என்றால் கடலோரக்காரர்களுக்குத்தான் என்று கீழே சமவெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். புயல் அங்கே கரை ஏறும். அதன் மிச்சம் எங்கள் தலையில் விழும். அவலாஞ்சிப் பக்கம் மழை இறங்கியது என்று கேட்டாலே எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் ரெயின்கோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவோம். கற்பூர மரமும் சீகை மரமும் ஈர மண்ணில் வேரோடு சாயும். சாய்கிற மரம் வேறு எங்கும் சாயாது, நேராக எங்கள் கம்பி மேல்தான் சாயும். ஒரு தடவை போன கரண்ட் திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகும்.

அதனால் காற்று வருகிறது என்று தகவல் வந்ததும் நாங்கள் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வீடுகளைத் தயார் பண்ணச் சொல்லுவோம். அந்த முறை எனக்கு வந்தது தேன்பாறை எஸ்டேட். தொழிலாளர்களின் லைன் வீடுகள் அங்கே ஒன்றை ஒன்று ஒட்டி, மலைச்சரிவில் மேலும் கீழுமாக வரிசை வரிசையாக இருக்கும். தகரக் கூரை. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே பாட்டைப் பாடினேன். தண்ணீர் பிடித்து வையுங்கள், மோட்டார் ஓடாது. போனைச் சார்ஜ் போட்டு வையுங்கள். விறகை நனையாத இடத்துக்கு மாற்றுங்கள். தகரத்தின் மேல் கல் வையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி செத்த கம்பி என்று நினைத்துத் தொடாதீர்கள்.

கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள். பாதிப் பேர், "சீரியல் வர்றதுக்குள்ளயாச்சும் கரண்ட் வந்துருமுங்களா?" என்பார்கள்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் நான் வாயைத் திறக்க வேலையே இருக்கவில்லை. வரிசைகளுக்கெல்லாம் மேலே, ஒரு வளைவைத் தாண்டி ஒதுங்கி இருந்த செல்வியின் வீடு. செல்வி இலை பறிக்கும் பெண். டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைந்திருந்தது. கூரைமேல் பழைய டயர்கள் கயிற்றோடு கட்டிக் கிடந்தன. விறகு கட்டிலடியில் அடுக்கியிருந்தது. மிக்ஸி ஓடாது என்று சட்டினிப் பொடிகூட இடித்து வைத்திருந்தாள். ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன் பழனி.

"பலே அம்மிணி, உன்ற ஊட்டைப் பார்த்து மத்தவீக கத்துக்கோணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே கையைக் காட்டினாள். சுவரோரம் சாணி மெழுகிய ஓர் இடம். அதற்கு மேலே ஒரு சிறிய பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. "அம்மா தவறிப் போச்சுங்க. இன்னும் கருமாதி ஆகலீங்க. அதுவரைக்கும் வெளக்கு அமரக் கூடாதுங்க. எண்ணெய் வெளக்கு இந்தக் காத்துக்கு நிக்க மாட்டேங்குது, அதான் லைட்டைப் போட்டு உட்டுருக்கறோம்."

இறந்தவர் தலைவைத்துப் படுத்த இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கு எரிவது எங்கள் சனங்களின் வழக்கம். இருட்டில் விட்டால் போகிற உயிருக்கு வழி தெரியாது என்பார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

விசில்

காற்று வந்தது. அதை வர்ணித்துக்கொண்டு இருக்கப் போவதில்லை. கொஞ்சம் தணிந்தபோது மலையில் ஒரு டவரும் வேலை செய்யவில்லை, போன் எல்லாம் வெறும் டார்ச்சாகிவிட்டது. மண் சரியும் என்று பயந்து தேன்பாறை ஆட்களைக் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். லைன் வீடுகள் மொத்தமும் காலி என்றார்கள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் நானும் சிவராசும் அங்கே போனோம். சிவராசு வயர்மேன். என் அக்கா மகளைக் கட்டியவன். வேலையில் கெட்டிக்காரன், ஆனால் பொறுமை என்பது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. மற்ற ஆட்களெல்லாம் பெரிய கம்பிகளைப் பார்க்கப் போய்விட்டதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மூடுபனி என்றால் சாதாரண மூடுபனி அல்ல. நீட்டிய கை தெரியவில்லை. வரிசைக்குக் கீழே ஒரு போஸ்டில் கரண்ட் வருகிற பேஸ் கம்பி அறுந்திருந்தது. அறுந்த கம்பிக்கு இரண்டு பக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் பக்கம் ஒன்று. அறுந்த இடத்துக்கு அப்பால் வீடுகளை நோக்கிப் போகிற பக்கம் மற்றொன்று. அதை நாங்கள் வால் பக்கம் என்போம். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோம். கம்பியில் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி அந்தப் பக்கத்துக்கு எர்த் ராடும் போட்டுவிட்டோம். வால் பக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தலை வெட்டுப்பட்ட பிறகு வாலில் என்ன இருக்கும்? எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருந்த எண்ணம் அது.

வால் பக்கத்துக் கம்பி தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து கிடந்தது. அதை இழுத்துப் போஸ்டுக்கு ஏற்றிக் கட்ட வேண்டும். இழுப்பதற்கு முன்னால் மேலே எங்காவது மரத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் மேல் போஸ்டே சாய்ந்துவிடும்.

"நான் மேல போய்ப் பாத்துட்டு விசில் குடுக்கறேன் மாப்ள. ஒரு விசில்னா இழு. மூணு விசில்னா தொடாத" என்றேன்.

"செரிங்க மாமா. வெரசா போய்ட்டு வாங்க, கையெல்லாம் வெறைக்குது" என்றான்.

பூட்டிய வீட்டில் வெளிச்சம்

படி ஏறி முதல் வரிசைக்கு வந்தேன். ஒரு கோழிகூட இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. கொடியில் மறந்துவிட்டுப் போன ஒரு பாவாடை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஆள் இருக்கிற இடத்தில் இல்லாத ஒரு கனம் ஆள் போன இடத்தில் இருக்கும். வேகமாக நடந்தேன்.

அப்போது பேச்சுக்குரல் கேட்டது.

பேச்சு என்றும் சொல்ல முடியாது. ஒரு பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து, "ஓ" என்று ஒரு குரல் ஆரம்பித்து, நின்றது. மறுபடி "ஓ" என்று ஆரம்பித்து, நின்றது. இருமல் வந்தவர் பேச முயல்வது மாதிரி. "யாருங்க உள்ள?" என்று கூப்பிட்டேன். பதிலுக்கு மறுபடி "ஓ". கதவுக்கு வெளியே பூட்டு தொங்குகிறது. வெட்கப்பட்டுப் பயனில்லை, திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

கதவுச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே சாமிப் படம். அதற்குக் கீழே பிளக்கில் செருகிய ஒரு சாமிப் பாட்டுப் பெட்டி. அதன் சிவப்பு விளக்கு வந்து வந்து போனது. விளக்கு வரும்போது பாட்டு முதல் எழுத்தைத் தொடங்கும். தொடங்கியதும் அமர்ந்துபோகும். பக்கத்தில் ஒரு பல்பு. வெளிச்சம் என்று சொல்ல முடியாதபடி, இழை மட்டும் செங்கல் நிறத்தில் கனன்றது. மூச்சு வாங்குவது போல ஏறியது, இறங்கியது.

பக்கத்து வீட்டுச் சந்திலும் பார்த்தேன். அங்கேயும் சமையலறையில் ஒரு செங்கல் நிறப் பல்பு. அதற்கடுத்த வீட்டிலும். கரண்ட் இல்லாத நேரத்தில் சுவிட்சை அணைக்காமல் போனவர்கள் வீட்டிலெல்லாம், யாரும் இல்லாத அறைகளில், எல்லாப் பல்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

பேய் என்று நினைத்தது ஒரு கணம்தான். அடுத்த கணம் புரிந்தது. புரிந்த பிறகு வந்த பயத்துக்கு முன்னால் அந்த முதல் பயம் ஒன்றுமே இல்லை.

மேலே யாரோ ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். அதை வீட்டு பிளக்கில் செருகியிருக்கிறார்கள். வீட்டு மெயின் சுவிட்சை இறக்காமல் அப்படிச் செருகினால், கரண்ட் அந்த வீட்டோடு நிற்காது. நமக்குக் கரண்ட் உள்ளே வருகிற அதே கம்பி வழியாக வெளியே இறங்கும். வரிசையில் ஆட்கள் இருந்திருந்தால் அத்தனை வீட்டுச் சுமையையும் தாங்க முடியாமல் ஜெனரேட்டர் அப்போதே படுத்திருக்கும். வீடெல்லாம் காலி. சுமை அதிகம் இல்லை. அதனால் அது மெல்ல மூச்சுவிட்டு, மலைச்சரிவு முழுக்க வால் பக்கத்துக் கம்பியில் உயிரை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியின் நுனி சிவராசின் காலடியில் கிடக்கிறது.

விசிலை வாயில் வைத்துவிட்டேன். ஊதவில்லை. ஊத முடியவில்லை. மூன்று விசில் என்றால் தொடாதே. ஆனால் இந்தக் காற்றில் மூன்றில் இரண்டைக் காற்று தின்றுவிட்டால்? அவன் காதில் ஒன்று மட்டும் விழுந்தால்? ஒன்று என்றால் இழு. நானே அவனைக் கொன்றவன் ஆவேன். விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன். தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தேன். என் குரல் எனக்கே திரும்பி வரவில்லை.

கீழே ஓடலாம். ஆனால் வந்த படிக்கட்டு சேறாகிக் கிடந்தது, இறங்க நேரமாகும். அவனோ காத்திருக்கிற ஆள் கிடையாது. ஜெனரேட்டர் எங்கே என்று தெரிந்தால் அதைப் போய் நிறுத்துவதுதான் சீக்கிரம். சத்தத்தை வைத்துத் தேடலாமென்றால் காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், மேல் வரிசை வீட்டுப் பல்பு கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தது. பழைய கம்பி, ஒவ்வொரு ஜாயின்டும் லூஸ். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போகப் போக வெளிச்சம் கூடத்தானே செய்யும்? சந்து சந்தாகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே ஏறினேன். செங்கல் நிறம் மஞ்சளானது. மஞ்சள் தெளிந்தது. ஓரிடத்தில் பாட்டுப் பெட்டி ஒன்று தடங்கலில்லாமல் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தது, கேட்க ஆளில்லாமல். வளைவைத் திரும்பியதும் ஜெனரேட்டரின் தடதடப்பு முகத்தில் அடித்தது.

செல்வியின் வீடு.

அமரக் கூடாத விளக்கு

அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. விளக்கை விட்டுவிட்டு எப்படிப் போவார்கள்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு சவுண்ட் சர்வீஸ் வைக்கிறவரிடம் வாடகைக்கு எடுத்த சின்ன ஜெனரேட்டர், தாழ்வாரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர் வீட்டுக்குள் போனது. காற்றடிக்கும் முன்னாலேயே பழனி கீழே போய் வாங்கி வந்திருக்கிறான்.

"மெயினை எறக்குனயா தம்பி?" என்று கத்தினேன்.

"எறக்குனா ஊட்டுல லைட் எரியாதேன்னுட்டு அப்படியே உட்டுட்டனுங்க" என்றான்.

பழைய இரும்பு மெயின். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். துருவேறி இறுகிவிட்டிருந்தது. தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. கை நனைந்திருந்தது, உள்ளே ஃபியூஸைத் தொட முடியாது. ஜெனரேட்டர் பக்கம் திரும்பினேன். செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"என்னங்ணா பண்றீங்க?"

"நிறுத்தோணும் அம்மிணி. தள்ளு."

"வெளக்கு அமந்துருமுங்க. எங்கம்மா இருட்டுல நிக்கும். அது சாவறப்பவே கண்ணு தெரியாம செத்துச்சுங்க. வெளக்கு இருக்குதா, வெளக்கு இருக்குதான்னு கேட்டுக்கிட்டே போச்சு. நாந்தான் இருக்குதுன்னு சொன்னேன்."

அவளை இடித்துத் தள்ளிவிட்டுச் சுவிட்சை அணைத்திருக்கலாம். கை போகவில்லை. நானும் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன்தான்.

"அம்மிணி, நீ போட்ட கரண்ட் இந்த ஊட்டோட நிக்கல. கம்பியில எறங்கிக் கீழ போயிருச்சு. கீழ ஒரு பையன் அந்தக் கம்பியைப் புடிக்கப் போறான். என்ற அக்கா மவளைக் கட்டுனவன்."

அவளுக்கு மின்சாரம் எப்படிப் போகும் வரும் என்றெல்லாம் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி, தானே குனிந்து, ஜெனரேட்டரை நிறுத்தினாள்.

தடதடப்பு நின்றது. ஜன்னலெல்லாம் தார்ப்பாய். பகலிலேயே வீடு கும்மிருட்டானது. செல்வி உள்ளே போய், மெழுகிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கதாம்மா இருக்கறேன், இங்கதான் இருக்கறேன்" என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பழனி தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தான். நமுத்த குச்சி, ஒன்றும் பற்றவில்லை. நான் கீழே ஓடினேன்.

பாம்பு

சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கி முதல் வரிசைக்கு வருவதற்குள் எதிரே வந்துவிட்டான் சிவராசு. பனிக்குள்ளிருந்து முதலில் அவன் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது, பிறகு முகம். சிரித்துக்கொண்டு வந்தான்.

"எங்க மாமா போனீங்க? விசிலையும் காணோம், ஆளையும் காணோம். நானே கம்பிய எடுத்து இழுத்துப் போட்டேன்."

அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சேறு தவிர ஒன்றுமில்லை. "எப்படா புடிச்ச கம்பிய?"

"இப்பத்தான். முன்னயே எடுத்திருப்பேன். குனிஞ்சேன், தேயிலைக்குள்ளார சிர்ர்ருனு ஒரு சத்தம். கண்ணாடி விரியனாட்டம் இருந்துச்சு. கல்லெடுத்துப் போட்டேன், போவல. செரி, தானா போவட்டும்னு நின்னுட்டு இருந்தேன். டப்புனு சத்தம் நின்னு போச்சு. பாம்பு போயிருச்சுன்னு கம்பிய எடுத்தேன்."

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈர இலையில் கரண்ட் கசியும் சத்தத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாம்பு சீறுகிற மாதிரியேதான் இருக்கும். "என்னாச்சு மாமா, என்னாச்சு?" என்று அவன் உலுக்கினான். அவனிடம் சொன்னபோது அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பிறகு தன் கையைத் தானே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேருமாகச் செல்வி வீட்டுக்குத் திரும்பினோம். இப்போது உயிரில்லாத மெயினைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கிப் பழனியின் கையில் கொடுத்தேன். "இனி உன்ற கரண்ட் உன்ற ஊட்டை உட்டு வெளிய போவாது. நாங்களே வந்து மாட்டுற வரைக்கும் இதை மாட்டாத" என்றேன். பழனி ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணும் கயிற்றைப் பிடித்தான்.

"இருங்க" என்றாள் செல்வி. எழுந்து வந்து சிவராசைப் பார்த்தாள். அவனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பியில் இருந்தது இவன்தான் என்று நான் சொல்லவும் இல்லை, அவளுக்கே தெரிந்துவிட்டது. அவன் கைகளைப் பார்த்தாள். "கம்பியில இன்னும் யாராச்சும் இருக்கறாங்களாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லீங்கக்கா" என்றான் சிவராசு.

அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுக்க விட்டாள். விளக்கு எரிந்தது.

பிறகு எத்தனையோ வீடுகளில் ஜெனரேட்டர், இன்வெர்டர் கரண்ட் வெளிக் கம்பிக்குப் போகாமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். வால் பக்கத்துக்கும் எர்த் ராடு போடாமல் யாரையும் கம்பியைத் தொட விட்டதில்லை. கம்பி அறுந்தால் அதற்கு இரண்டு பக்கமும் தலைதான், வால் என்று ஒன்று கிடையாது. நான் கற்றுக்கொண்டது இதுதான்.

ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவள் செல்விதான். தேன்பாறைக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. பெட்ரோல் ஊற்ற ஜெனரேட்டரை நிறுத்தும்போதெல்லாம், விளக்கில்லாத அந்தக் கொஞ்ச நேரத்திலும், அவள் வளைவு வரைக்கும் நடந்து வருவாளாம். ஃபியூஸ் இரண்டும் பழனியின் மடியில்தான் இருக்கும், ஆனாலும் வருவாளாம். கீழே பனி மூடிய பள்ளத்தைப் பார்த்து, "கம்பியில யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்து நிற்பாளாம். கீழிருந்து ஒரு பதிலும் வராது என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் கயிற்றை இழுக்கச் சொல்வாளாம்.